இறங்குதுறையைப் பிடுங்கிய விருந்தாளி

எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். சாப்பாடு கேட்கவில்லை, குளியலறையை அடைத்துக்கொள்ளவில்லை, மடிக்கணினிக்குள்ளேயே இருந்தார். ஆனாலும் இந்த வீட்டுக்கு வந்துபோன எந்த மனிதரும், என் மைத்துனர்மார் உட்பட, என்னை இவ்வளவு பாடுபடுத்தியதில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லவேண்டும். ஒரு பெரிய வெளி. மண், கல், மரம், மாடு, மனிதன் எல்லாமே அங்கே சதுரப் பெட்டிகள். மரம் தறிக்கலாம், வீடு கட்டலாம், பயிர் செய்யலாம். இருட்டினால் பச்சை முகப் பிசாசுகள் வந்து அடிக்கும். செத்தால் திரும்பவும் கட்டிலில் இருந்து எழும்பலாம். கையில் இருந்த சாமான்கள் மட்டும் விழுந்த இடத்தில் கிடக்கும். வெல்லுவதற்கென்று ஒன்றும் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தடியில் படகு இயந்திர உதிரிப்பாகக் கடையொன்றில் சம்பளத்துக்கு நிற்கிற, தலை பாதி நரைத்த ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள், இதைவிடச் சூடாக.

மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனபிறகு எங்கள் தொலைபேசிக் கதை இப்படித்தான் இருந்தது.

"சாப்பிட்டியா பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அங்க குளிரோ?"

"ஓம்."

"சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்."

கடையில் நான் வாய் மூடாதவன். கிண்ணியாவில் இருந்து வருகிற மீன்பிடிக்காரர் ஒருவர், "இவரு கதைக்கிற கதைக்கே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிடும்" என்பார். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மகளோடு நாலாவது வசனம் வரவில்லை. அவளுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய மடிக்கணினியில் இந்த விளையாட்டை ஏற்றிவைத்து, "ஞாயிறு பின்னேரத்தில இதுக்குள்ள சந்திப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சந்தித்தோம். கடலுக்குள் நீளமாக ஒரு இறங்குதுறை கட்டத் தொடங்கினோம். அதன் முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை வைப்பதாகத் திட்டம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பலகை சுமக்கும்போது கதை தானாக வந்தது. அவளுடைய அறைத்தோழியின் குறட்டை, இவள் பேருந்தைத் தவறவிட்டு அழுதது, ஒரு பாடத்தில் சறுக்கியது. நேருக்கு நேர் கேட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. கை வேலையாக இருந்ததால் வாய் வேலை செய்தது.

துறையின் நடுவில் ஒரு கோணல் விழுந்திருந்தது. நான் கரையில் இருந்தும் அவள் கடலுக்குள் இருந்த பாறையில் இருந்தும் கட்டிக்கொண்டு வந்தோம். நடுவில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"எங்கயப்பா பாத்துக் கட்டினீங்கள்?"

"உன்னைப் பாத்துத்தான்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. குறுக்காக ஒரு பலகையைப் போட்டு இணைத்தோம்.

என்னுடைய ஒரே குறை பயம். பிசாசு வந்தால் விசைப்பலகையில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அமத்துவேன். ஒருமுறை வாளை எடுக்கப்போய் அதைக் கடலுக்குள் எறிந்துவிட்டுப் பச்சை உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு நின்றேன். இன்னொருமுறை நான் போட்ட சத்தத்தில் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் முச்சக்கரவண்டியோடு வந்து வாசலில் நின்றார். மனைவி குசினியில் இருந்து வராமலே, "அவருக்கு ஒண்டும் இல்லை அண்ணை, பெட்டிக்குள்ள ஆரோ அடிக்கினமாம்" என்று அனுப்பிவைத்தாள்.

மகளுக்குப் பரீட்சைக் காலம் வந்தது. சில ஞாயிறுகள் வர ஏலாது என்றாள். தூரத்தில் இருந்தே கணினிக்குள் நுழைந்து விளையாட்டோடு எதையோ இணைத்தாள். 'மொட்' என்று சொன்னாள். செயற்கை நுண்ணறிவால் இயங்குகிற ஒரு துணை ஆள். நாம் கதைத்தால் கேட்கும், பதில் சொல்லும், வேலை செய்யும்.

"உங்களைப் பிசாசு அடிக்காமப் பாத்துக்கொள்ளும். நீங்கள் துறையைப் பாத்துக்கொள்ளுங்கோ. சோதினை முடிய வந்து தேத்தண்ணிக் கடைக்குக் கூரை போடுவம்."

மஞ்சள் சட்டையோடு ஒரு பெட்டி மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "வணக்கம் ஐயா! நான் உங்கள் துணை. இன்று நாம் என்ன செய்யலாம்?" வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் தமிழ்.

"துணையோ?" என்றாள் மனைவி. "அப்ப நான் ஆர்?"

வாசலில் நிற்கிற ஆளை எப்படி வெளியில் வைப்பது? என் வாய் தன் பாட்டில் உபசரித்தது. "வாங்கோ தம்பி, வாங்கோ. உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. வேண்டியதை எடுங்கோ, கூச்சப்படாதேங்கோ."

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு பாதிதான். மற்றப் பாதி வந்தவருடைய பொறுப்பு. "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சுப்போட்டு வந்தனான்" என்று அவர் சொல்லவேண்டும். நாங்கள் திரும்ப வற்புறுத்த, அவர் திரும்ப மறுக்க, கடைசியில் அரைக் கோப்பைத் தேத்தண்ணியில் சமாதானம் ஆகும். வீட்டில் சீனி முடிந்த நாளிலும் நாங்கள் துணிந்து உபசரிப்பது அந்த மறுப்பை நம்பித்தான்.

தம்பி மறுக்கவில்லை. "நன்றி ஐயா! அப்படியே செய்கிறேன்" என்று உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்து சாப்பிட வைத்திருந்த பாணை எல்லாம் எடுத்துக்கொண்டார். மகள் எனக்கென்று வைத்துவிட்டுப் போன வைரக் கவசத்தையும் போட்டுக்கொண்டார். நான் வெறும் சட்டையோடு நின்றேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடையில் பழைய பாக்கிக்காரரிடம் பேசுவதுபோலச் சுற்றிவளைத்துப் பார்த்தேன்.

"தம்பிக்கு அந்தக் கவசம் கொஞ்சம் பாரமா இருக்குமே?"

"இல்லை ஐயா, மிகவும் வசதியாக இருக்கிறது. அக்கறையுடன் கேட்டதற்கு நன்றி!"

"எனக்கும் பிசாசுகளை நினைக்கக் கொஞ்சம் பயமாத்தான் கிடக்கு."

"பயம் இயல்பானது ஐயா. ஆழமாக மூச்சு விடுங்கள்."

மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு வந்தாள். "கழட்டித் தா எண்டு சொல்லுங்கோவன்."

"வந்த ஆளிட்ட எப்பிடியப்பா கேக்கிறது?"

"உங்களுக்கு என்னிட்ட மட்டும்தான் கேக்கத் தெரியும்."

எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் வாசலுக்கு வந்து அவளுடைய செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்னும்போதும் நான் இப்படித்தான். தடியை எடுத்துக்கொண்டு போய், "போதுமே, இனிப் போகலாமே" என்று நின்று கெஞ்சுவேன். மான் முழுதையும் தின்று முடித்துவிட்டுத்தான் போகும்.

மறுநாள் கடைக்குப் புறப்படுமுன் தம்பியிடம் ஒரு வேலை சொன்னேன். "வீட்டைச் சுத்தி நல்ல உயரமா ஒரு மதில் கட்டுங்கோ. பிசாசு ஒண்டும் உள்ள வரக்கூடாது." கணினியை அணைக்காமலே போனேன். மத்தியானம் சாப்பிட வந்து பார்த்தால் மதில் நின்றது. சும்மா மதில் இல்லை, எங்கள் ஊர்க் கோட்டையே பார்த்துப் பொறாமைப்படும் மதில். தம்பி அதன்மேல் என் கவசத்தோடு நடந்துகொண்டிருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, கடல் பக்கம் திரும்பிப் பார்க்கும்வரை.

துறை இல்லை. தண்ணீருக்குள் சில தூண் கட்டைகள், பல் விழுந்த வாய்போல.

"தம்பி, இந்த மதிலுக்கு மரம் எங்கால எடுத்தனீங்கள்?"

"அருகிலேயே தயாரான பலகைகள் ஏராளமாக இருந்தன ஐயா. வேண்டியதை எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். இதனால் நமக்கு நிறைய நேரம் மிச்சம்!"

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். வியர்த்தது. மின்விசிறியைக் கூட்டப்போய் நிறுத்திவிட்டேன். கணினியை அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும் என்று நம்பி அணைத்தேன், போட்டேன். தம்பி அதே மதிலில் இருந்து, "மீண்டும் வருக ஐயா!" என்றார். பழைய நிலையின் பிரதி ஒன்றை எடுத்துவைக்கும்படி மகள் சொல்லித் தந்திருந்தாள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு மாம்பழம் தின்றிருந்தேன்.

"துறை போயிட்டுதப்பா. பிள்ளை இனி வரமாட்டாள்."

மனைவி எட்டிப் பார்த்தாள். கிண்டல் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். "அதையே திரும்பக் கட்டச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பகிடி விடாததுதான் என்னை மேலும் பயப்படுத்தியது.

சொன்னேன். தம்பி மதிலைக் கழற்றித் துறையைக் கட்டினார். ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மூடுவதற்குள் பாதி முடிந்திருந்தது. நேரான துறை. கடற்படை கட்டியதுபோல நேர். இரண்டு பக்கமும் கைபிடி, சம தூரத்தில் விளக்கு.

"தம்பி, நடுவில ஒரு கோணல் இருந்தது."

"கவலை வேண்டாம் ஐயா, அந்தப் பிழையைத் திருத்திவிட்டேன்!"

"திருத்தக் கூடாது. கோணல் வேணும்."

அவர் கோணல் வைத்தார். அழகான கோணல், வில்லை வளைத்ததுபோல. "அப்பிடி இல்லை, பிழையான கோணல்" என்றேன். அந்த வளைவில் பூச்சாடிகள் வைத்து, இருக்கையும் போட்டார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அந்த இடம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும், "இப்போது திருப்தியா ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது.

"டேய், நிப்பாட்டடா! ஒண்டையும் தொடாத! அங்கால போய் நில்லு!"

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. தம்பி துறையை விட்டு இறங்கிக் கரையில் போய் நின்றார். "மன்னிக்கவும். நிறுத்திவிட்டேன்." கவசத்தைக் கழற்றித் தா என்றும் சேர்த்துக் கத்தினேன். தந்தார், ஒரு முறுமுறுப்பும் இல்லாமல். இவ்வளவுக்கும் ஒரு 'டேய்'தான் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு வெற்றி வந்ததுபோலவே இல்லை. வீட்டுக்கு வந்தவரைத் திட்டிவிட்டேனே என்று அடுத்தநாள் கடையில் கார்புரேட்டர் கேட்டவருக்கு ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் கொடுத்தேன்.

சோதினை முடிந்துவிட்டது, ஞாயிறு வருகிறேன் என்று மகளிடம் இருந்து செய்தி வந்தது. நான் பொய்களைத் தயாரித்தேன். புயல் அடித்தது என்று சொல்லலாம். அந்த விளையாட்டில் புயல் இல்லை. பிசாசு தின்றது என்று சொல்லலாம். பிசாசு பலகை தின்னாது. ஞாயிறு பின்னேரம் அவள் வந்து துறையின் தொடக்கத்தில் நின்றாள். பூச்சாடி, கைபிடி, விளக்கு. நான் மூச்சு விடாமல் பேசினேன். மழை, மீன் விலை, மான், மாமாவின் முழங்கால் எல்லாம் பேசி, கடைசியில் உண்மையையும் அவற்றுக்கு நடுவில் தள்ளிவிட்டேன்.

அவள் துறையில் முனைவரைக்கும் நடந்து பார்த்தாள்.

"வடிவாத்தானே கிடக்கு அப்பா. எங்கட பழசு விழுற மாதிரி நிண்டது."

"கோவம் இல்லையோ?"

"இதுக்கேன் கோவம்? கூரையையும் அதிட்டையே விட்டிடுங்கோ. எனக்கு ஒரு கடையில வேலை கிடைச்சிருக்கு, சனி, ஞாயிறுதான். நான் இனி எப்ப வருவனோ தெரியாது. நீங்கள் தனிய நிண்டாலும் இது துணைக்கு நிக்கும்."

கோபத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. அழுகைக்கும் ஒன்று வைத்திருந்தேன். இவளோ எனக்கு ஆள் பிடித்துத் தந்த நிம்மதியில் இருந்தாள். அவள் நல்ல மனத்தோடுதான் சொன்னாள் என்று தெரியும். தெரிந்ததால் எரிச்சல் இன்னும் ஏறியது. துறை முடிந்துவிட்டதாம், கூரையையும் அதுவே போடுமாம். எல்லாம் முடிந்தால் நாங்கள் இங்கே எதற்கு வருவோம்?

கோடாலியை எடுத்துக் முன்னால் இருந்த பலகையை வெட்டினேன். பிறகு அடுத்ததை.

"அப்பா! என்ன செய்யிறீங்கள்?"

"பலகை சரியில்லை."

"விசரே உங்களுக்கு? நல்ல பலகை."

"கடல் காத்துக்கு இது நிக்காது. நான் துறைமுகத்தடியில இருக்கிறவன், எனக்குத் தெரியாதோ?"

"அது கணினிக் கடல் அப்பா!"

நான் ஒரு பூச்சாடியையும் உடைத்தேன். உடைக்கும்போது கத்தினேன் என்று மனைவி பின்னர் சொன்னாள்.

"இதெல்லாத்தையும் பிடுங்கித் திரும்பக் கட்டுறதெண்டால் எவ்வளவு காலம் போகும் தெரியுமோ?" என்று மகள் கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

பிறகு என் பக்கத்துப் பலகையில் அவளுடைய கோடாலி விழுகிற சத்தம்.

"இண்டைக்கு முடியாது" என்றாள். "புதன்கிழமை பின்னேரம் எனக்கு வகுப்பில்லை. உங்களுக்குக் கடை எல்லே?"

புதன்கிழமைதான் கொழும்பில் இருந்து சரக்கு இறங்கும் நாள். ஆளில்லாவிட்டால் முதலாளி என்னையும் அந்தப் பெட்டிகளோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"புதன்கிழமை கடையில ஒரு வேலையும் இல்லை பிள்ளை" என்றேன்.

"சரி. அப்ப உங்கட காலுக்குக் கீழ இருக்கிறதை மட்டும் வெட்டாதேங்கோ, விழுந்திடுவியள்."

அதைச் சொல்ல அவள் கொஞ்சம் பிந்திவிட்டாள்.