குசினிக்குள் ஓர் ஆண்குரல்

திங்கள் முதல் சனி மத்தியானம் வரை நான் ஒரு வயதான இத்தாலிய அம்மணியை, என் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறேன். சனி பின்னேரம் பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் ஒரு தச்சுப் பட்டறைக்குள் நின்று உறுமுகிறேன். ஞாயிறு காலை தமிழ்ப் பூசையில் பாடுகிறேன். இந்த மூன்றில் எது என் தொண்டையைக் கெடுத்தது என்று கேட்டால், எங்கள் தேவாலயப் பங்கில் ஒருவரும் யோசித்துப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

உறுமல் என்று நான் சொல்வது டெத் மெட்டல் என்ற முரட்டு ரொக் பாட்டு. கிட்டார் இரண்டு பேர், ட்ரம்ஸ் ஒருவன், குரலுக்கு நான். மற்ற மூவரும் இந்த ஊர்ப் பெடியள். ட்ரம்ஸ்காரன் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன், பட்டறை அவனுடைய தகப்பனுடையது. அவர்களுடைய பாடகன் வேலை தேடி ஜெர்மனிக்குப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்போது என் வேலை மாடிப்படிகள் துடைப்பது; துடைக்கும்போது காதில் அந்தப் பாட்டுகளைத்தான் போட்டுக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும். "நீ ஒருக்கா முயற்சி செய்து பார்," என்றான். செய்து பார்த்தேன். இருமி, கண்ணீர் வந்து, மரத்தூளுக்குள் குந்தியிருந்து ஒரு போத்தல் தண்ணீர் குடித்தேன். அவன் மிகவும் மரியாதையாக, "நாயொண்டு வயலின் விழுங்கினமாதிரி இருக்கு," என்றான்.

உறுமல் தொண்டையில் இருந்து வருவதில்லை என்று விளங்க எனக்கு ஒன்றரை வருசம் பிடித்தது. வயிற்றை இறுக்கி மூச்சைச் சிறுகச் சிறுக விடவேண்டும். கொட்டாவி விடுகிற மாதிரித் தொண்டையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அரிசி மூட்டை தூக்கும்போது எங்களை அறியாமல் ஒரு முனகல் வருமே, அது பிறக்கிற இடத்தில்தான் உறுமலும் பிறக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நோவே இல்லை. கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன். லிஃப்டுக்குள் ஏறியவுடன் பயிற்சி, குளிக்கும்போது பயிற்சி. பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு அடிவயிற்றால் முனகிப் பார்ப்பேன். ஒருநாள் முன் சீட்டில் இருந்த நாய் திரும்பிப் பார்த்து அதே சுருதியில் பதில் சொன்னது. நாயின் சொந்தக்காரி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அம்மா இதையெல்லாம் ஒருநாளும் கேட்டதில்லை. மகள் ஏதோ ஒரு இத்தாலியன் குழுவில் பாடுகிறாள் என்ற அளவில் அவவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ட்ரம்ஸ்காரன் யாரோ எடுத்த வீடியோவை இணையத்தில் போட்டான். அது பங்கிலுள்ள பிள்ளைகளின் கைக்குப் போய், பிள்ளைகளிடமிருந்து தாய்மாருக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதமே என் குரல் அடைத்தது.

ஞாயிற்றுப் பூசையில் பதிலுரைப் பாடல் என் முறை. வாய் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. பாடகர் குழுவை நடத்தும் அன்ரி பூசை முடிந்ததும் என்னைப் பிடித்தா.

"உந்தப் பேய்க் கத்தல் கத்தினால் ஆண்டவர் தந்த குரல் நிக்குமே, பிள்ளை?"

பதில் சொல்ல எனக்குக் குரல் இருக்கவில்லை. அது அவவுக்கு வசதியாகப் போய்விட்டது.

புதன்கிழமை அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஒரு இத்தாலியக் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. எனக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனா. அம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, டொக்டர் என் மூக்குக்குள்ளால் ஒரு மெல்லிய கமெராக் குழாயை விட்டார். திரையில் என் தொண்டை தெரிந்தது. குரல்நாண்கள் இரண்டும் பச்சை இறாலின் தோல்போல வெளிறி, நடுவில் ஆளுக்கொரு சின்ன வீக்கத்தோடு இருந்தன.

"ஆ சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். "ஈ." சொன்னேன். "என்ன வேலை செய்யிறீங்கள்? பாடுவீங்களா?"

நான் ஒளிக்காமல் சொன்னேன். அவருடைய கண்கள் சின்னப் பிள்ளையின் கண்கள்போல விரிந்தன. "நான் இதைப் புத்தகத்திலைதான் படிச்சிருக்கிறன். இப்ப செய்து காட்டுவீங்களா?"

மூக்கில் குழாயோடு, கதிரையில் நிமிர்ந்திருந்து, வயிற்றை இறுக்கி ஒரு நீண்ட உறுமல் விட்டேன். குரல் அடைத்திருந்தாலும் அது நன்றாகவே வந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

கதவு படாரென்று திறந்தது. ஒரு கையில் கைப்பை, மறுகையில் என் ஜாக்கெட்டோடு அம்மா.

"ஐயோ, என்ரை பிள்ளையை என்ன செய்யிறியள்?" என்று டொக்டரிடம் சுத்தத் தமிழில் கேட்டா.

"அம்மா, அது நான்தான்."

"நீதான் எண்டு தெரியும். அதுதான் கேக்கிறன், உன்னை என்ன செய்தவர்?"

டொக்டர் நல்ல மனுசன். அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டு, பதிவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். நான் உறுமும்போது குரல்நாண்களுக்கு மேலேயுள்ள இரண்டு மடிப்புகள்தான் பெரிதாக அதிர்ந்தன. கீழே வீங்கியிருந்த பாவங்கள் கிட்டத்தட்டச் சும்மா இருந்தன. "இவ இதைச் சரியாகப் பழகியிருக்கிறா. இந்த வீக்கம் இதாலை வந்ததில்லை. இது நாள் முழுக்கக் கத்துற ஆக்களுக்கு வாறது. பல்லரோச் சந்தையிலை மீன் விக்கிறவைக்கு, பள்ளிக்கூட வாத்திமாருக்கு. நீங்கள் நாள் முழுக்க எங்கை கத்துறீங்கள்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தா. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது.

என் சிஞ்ஞோராவுக்கு எண்பத்தாறு வயது. ரயில் ஸ்தாசியோனேக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் இருக்கிறா. அவவுக்குக் காது கேட்காது. ஆனால் கேட்கும் என்று சொல்லுவா. "எனக்குக் காதிலை ஒரு குறையும் இல்லை, இப்பத்தையச் சனம்தான் வாய்க்குள்ளை முணுமுணுக்குது," என்பது அவவுடைய கட்சி. காது மெஷின் என்ற சொல்லை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவா. மூன்று வருசமாக நான் அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், மாத்திரை, மழை, தபால்காரன், பாஸ்தாவுக்கு உப்புக் காணுமா என்று எல்லாவற்றையும் மேல்சுருதியில் கத்திக்கொண்டிருந்தேன்.

டொக்டர் பத்து நாள் மௌனம் எழுதித் தந்தார். வேலையை விட முடியாது. ஆகவே காலைச் சாப்பாட்டுச் சீரியல் வாற அட்டைப் பெட்டிகளை வெட்டி, தடித்த பேனையால் எழுதிக் காட்டினேன். சிஞ்ஞோரா முன்னொரு காலத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவ. இத்தாலியனில் இரட்டை எழுத்து வரவேண்டிய இடத்தில் நான் ஒற்றை போட்டிருந்ததைத் திருத்தி, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, அட்டையைத் திருப்பித் தந்தா. மாத்திரை மேசையில் அப்படியே இருந்தது.

பத்து நாள் முடிந்த பிறகு, கத்தாமல், கீழ்க்குரலில், கிட்ட நின்று கதைக்கவேண்டும் என்பது கட்டளை. வயது போனவர்களுக்கு மேல்சுருதிதான் முதலில் கேட்காமல் போகிறதாம். நான் கத்தக் கத்த அவவுக்கு இன்னும் கேட்காமல் போயிருக்கிறது! கீழ்க்குரலில் கதைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கேட்டது. மிச்சத்துக்குத் தலையாட்டினா.

ஒரு காலை நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் சிஞ்ஞோரா கோப்பிக்குள் உப்பைப் போடப் போகிறா. கைகள் இரண்டிலும் சவர்க்காரம், ஓடிப் போக நேரமில்லை, கத்தவும் தடை. வயிறு தானாக இறுகியது. "உப்பு!" என்று ஒரு உறுமல், இத்தாலியனில்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. சிஞ்ஞோரா உப்பைப் பார்த்தா, கோப்பியைப் பார்த்தா. பிறகு கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினா.

"யார் வந்திருக்கிறது?"

நான் ஒருவரும் இல்லை என்று கையை ஆட்டினேன்.

"பரவாயில்லை, இருக்கச் சொல்லு. நல்ல தெளிவாகக் கதைக்கிறார். உன்னைமாதிரி முணுமுணுக்கிறேல்லை."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வருசத்தில் முதல் தடவையாக, முதல் தரத்திலேயே அவவுக்கு ஒரு சொல் கேட்டிருந்தது. அடுத்த நாள் மாத்திரை நேரம் வந்ததும் கதவுக்குப் பின்னால் நின்று "மாத்திரை!" என்று உறுமினேன். எடுத்து விழுங்கிவிட்டு, "நன்றி, சிஞ்ஞோரே," என்றா, ஓர் ஆம்பிளைக்குச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகிப் போனது. தண்ணீர் குடி என்றால் குடித்தா, குடை எடு என்றால் எடுத்தா. நாலாம் நாள் உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தா. அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்வது சரியில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

அந்த நாளை வருவதற்கு முன் சிஞ்ஞோரா தன் மகளுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறா. "காலையிலை ஒரு மனுசன் வாறார். மாத்திரை எடுக்கச் சொல்லுறார். குரல் உன்ரை அப்பாவைவிட நல்லாயிருக்கு."

மகள் நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா. அடுத்த நாள் காலையே, சொல்லாமல், தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறா. எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போலக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அன்றைய மாத்திரையை அறிவித்தேன். கதவு வெடுக்கென்று இழுத்துத் திறக்கப்பட்டது. முன்னால் மகள், தலைக்கு மேல் ஓங்கிய குடையோடு.

"எங்கை அவன்?"

"ஒருவரும் இல்லை, சிஞ்ஞோரா. நான்தான்."

"பொய் சொல்லாதையும். நான் கேட்டனான்."

அவ குசினிக்குள் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தா, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தா. நான் வேறு வழியில்லாமல், கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு, அவவுக்கு முன்னால் நின்று உறுமிக் காட்டினேன். குடை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவ கதிரையில் இருந்தா. முதலில் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினா. பிறகு அடக்க முடியாமல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க, வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"என்ன பகிடி?" என்று சிஞ்ஞோரா வாசலில் வந்து நின்றா. மகள் உண்மையைச் சொன்னா, கத்திச் சொன்னா. கேட்கவில்லை. கடைசியில் நான்தான் சொல்லவேண்டி வந்தது, அவவுடைய முகத்துக்கு நேரே நின்று, அந்தக் குரலிலேயே: "அது நான், சிஞ்ஞோரா."

அவ என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு தன்னுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டா.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் வைத்த சூப்பைக் குடித்தா, என்னைப் பார்க்காமல். நான் மன்னிப்புக் கேட்டு ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்தேன். அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் காலை, கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு வாசலில் நின்றா.

"காது மெஷினுக்கு மகள் நேரம் எடுத்து வைச்சிருக்கிறாள். நீயும் வா." படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உதுக்குப் பிறகு இந்த வீட்டிலை யார் கதைக்கினம் எண்டு எனக்குத் தெரியவேணும்," என்றா.

மெஷின் வந்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. மூன்று மாதத்தால் டொக்டர் பார்த்தபோது வீக்கம் வற்றியிருந்தது. பூசையில் பாட்டும் திரும்ப வந்தது. அன்ரி, தான் செய்வித்த நவநாள் செபத்தின் பலன் என்றா. இருக்கட்டும், யாருக்கு நட்டம்?

ஆனால் சிஞ்ஞோராவுக்கு இன்னொரு விருப்பம் வந்திருந்தது. "அந்த மனுசன் வேலை செய்யிற இடத்தை நான் பாக்கவேணும்." வைகாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், பட்டறை முற்றத்தில் எங்களுடைய நிகழ்ச்சி. வெயில் இன்னும் இருந்தது. ட்ரம்ஸ்காரனின் தகப்பன் தான் செய்த நாற்காலிகள் இரண்டை முன்னால் கொண்டுவந்து போட்டார். ஒன்றில் சிஞ்ஞோரா. மற்றதில் அம்மா. அம்மாவை நான் கூப்பிடவில்லை. சிஞ்ஞோராவைக் கையில் பிடித்துக்கொண்டு வர ஆள் வேணும் என்று அவவே சொல்லிக்கொண்டு வந்தா. சுற்றிவரக் கறுப்புச் சட்டைப் பெடியள் நூறு பேர் வரை. அம்மா எல்லோருக்கும் தலையாட்டி வணக்கம் சொன்னா.

எங்களுடைய கடைசிப் பாட்டு தமிழில். நான் எழுதியது. உறுமலுக்குத் தமிழ் வல்லினம்போல ஒரு சாமான் உலகத்தில் இல்லை. மெல்லினம் மூக்குக்குள் ஓடி ஒளிந்துவிடும். க, ச, ட, த, ப, ற ஆறும் கல்லுப்போல விழும். ஆகவே அந்தப் பாட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த, வல்லினத்தில் தொடங்குகிற சொற்களை மட்டும் அடுக்கியிருந்தேன்: கூட்டு, தட்டு, துடை, பிழி, கொட்டு. ஐந்து மாடி, நூற்றுப்பத்துப் படி துடைக்கிற பாட்டு. பலெர்மோப் பெடியள் ஒரு சொல்லும் விளங்காமல், "துடை! துடை!" என்று கையை உயர்த்திக் கத்தினார்கள்.

சிஞ்ஞோரா மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அம்மா பக்கம் சரிந்து என்னவோ கேட்டா. அம்மாவின் இத்தாலியன் முழுக்க முழுக்க வீட்டுவேலை இத்தாலியன். முப்பது வருசமாக வேலை செய்த வீடுகளில் கேட்டதும் சொன்னதும் அந்தச் சொற்கள்தான். பாட்டில் இருந்ததும் அவைதான். நான் மேடையிலிருந்து பார்த்தேன்: அம்மா அவவுடைய காதோடு வாயை வைத்து, ஒரு சொல்லும் தடக்காமல், விரலை மடக்கி மடக்கி, ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தா.

பாட்டு முடிந்து நான் வியர்வையோடு இறங்கிக் கிட்டப் போனேன்.

"எல்லாம் கேட்டுதோ?"

"ஓம், ஓம்," என்று அம்மா முந்திக்கொண்டா. "ஆனால் பிள்ளை, துடைச்ச பிறகுதான் பிழியிறது. நீ ரெண்டாம் தரம் மாறிச் சொல்லிப்போட்டாய்."

சிஞ்ஞோரா என் தொண்டையைத் தன்னுடைய குளிர்ந்த விரல்களால் தொட்டுப் பார்த்தா, உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. "இவ்வளவு கோவத்தோடை துடைச்சால்," என்றா, "படி மிஞ்சாது."

பிறகு தனக்கு ஐஸ்கிரீம் வேணும் என்றா. மூன்று பேரும் பஸ் எடுக்காமல் நடந்தே போனோம். பிஸ்தா முடிந்துவிட்டதென்று கடைக்காரன் மூன்று தரம் சொன்னான், அவ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கைப்பைக்குள் மெஷின் இருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.