காற்றுக்கு முன்னால் ஒரு நாற்காலி

என் கருவிப்பெட்டியின் அடித்தட்டில், இனி எந்த வெந்நீர்ப் பொயிலருக்கும் பொருந்தாத திருகாணிகளோடு, மடித்த பருத்திச் சேலைத் துண்டு ஒன்று கிடக்கிறது. நீலக் கரை. ஒரு பக்கத்தில் மழைக்கறை, மறுபக்கத்தில் புகைக்கறை. ஓய்வு பெறும்வரை லண்டன் கவுன்சில் ஒன்றில் வெந்நீர் முறைப்பாடுகளைப் பரிசோதித்தவன் நான். சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களை மக்கள் எதையெல்லாம் கொண்டு அடைப்பார்கள் என்று கேட்டால் ஒரு முழுநாள் பேசுவேன்; கேட்கத்தான் ஆளில்லை. பத்திரிகைத்தாள், காலுறை, ஒருமுறை கட்டுக்கட்டாக வாழ்த்து அட்டைகள். ஆனால் இந்தத் துண்டால் அடைபட்டதைப்போல நேர்த்தியாக அடைபட்ட துவாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எல்லா மடிப்பும் ஒரே அளவு. ஓரங்களில் ஊசி நுழைய இடமில்லை. அடைத்தவர் என் அக்கா.

எண்பதுகளின் பிற்பகுதி, மாசிக் குளிர். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் தங்கைச்சிக்கு முதற்பிள்ளை பிறந்திருந்தது, பெண்குழந்தை. பிள்ளைப்பேறு பார்க்க அக்கா கிங்ஸ்பரியிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கி, அன்றே வீட்டின் நிர்வாகத்தைக் கையிலெடுத்தார். தங்கைச்சியின் கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தபடியால், ஆட்சி மாற்றம் எதிர்ப்பில்லாமல் நடந்தது. பிள்ளை பெற்றவள் படி ஏறக்கூடாது என்று கீழே முன்னறையில் கட்டில் போட்டார். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் விளிம்பெல்லாம் நாடா ஒட்டினார். இதைக் கேட்டு நான் சிரித்ததுண்டு, அவர் இல்லாத இடத்தில். எங்கள் அம்மா தங்கைச்சியைப் பெற்ற பத்தாவது நாளோ என்னவோ சன்னிக் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வாடைக்காற்று உள்ளே வந்ததால்தான் அது நடந்தது என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றிரவு அம்மாவின் அறை ஜன்னலைச் சாத்த மறந்தவர் அக்கா. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். எங்கள் இருவரையும் வளர்த்ததும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை தொலைபேசி வந்தது. "தம்பி, சுடுதண்ணி சூடு காணாது. இவளுக்கு முழுக வார்க்கேலாமல் கிடக்கு. பெரிய பொயிலர்காரன் எண்டு சொல்லித் திரியிறாய், வந்து பார்."

மத்தியானம் போனேன். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் பொயிலர் முன்னறைச் சுவருக்குள், காஸ் ஹீற்றருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நடைமுறைப்படி முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். முன்னறைக் கதவில் அக்கா நின்றார்.

"உள்ளுக்குப் போகேலாது. பிள்ளை பெத்த துடக்கு. கதவைத் திறந்தால் காத்தும் வரும். மேல போய்ப் பார்."

மேலே போய்ப் பார்த்தேன். வெந்நீர்த் தாங்கி வெதுவெதுப்பாக இருந்தது, மறந்துபோன தேநீரின் சூடு. நேரக் கடிகாரம் சரி. வெப்பக் கட்டுப்பாட்டை அக்கா ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தார். பம்ப் ஓடியது. குழாய்களில் காற்றுச் சிக்கவில்லை. எல்லோரும் நிரபராதிகள். காலையிலிருந்து பொயிலர் எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை. அப்படியானால் அந்தச் சூடு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குக் கைநூலில் சில விடைகளே உண்டு. அவற்றில் ஒன்றை நினைத்ததும் நான் படிகளை ஒன்றுவிட்டொன்றாகத் தாண்டி இறங்கினேன்.

"அக்கா, பொயிலரை நான் பார்க்கவேணும்."

"அது எரியுது. நான் பாத்தனான். நல்ல மஞ்சளா, வடிவா எரியுது."

காஸ் நீலமாகத்தான் எரியவேண்டும். மஞ்சளாக எரிந்தால் அதற்குக் காற்றுப் போதவில்லை. "தங்கைச்சி எப்பிடி?" என்றேன்.

"தலையிடியாம். காலமை சாப்பிட்டதையும் சத்தியெடுத்தவள். பத்தியத்துக்கு வைச்ச சரக்குக் கறி ஒத்துக்கொள்ளேல்லைப் போல. பிள்ளைதான் தங்கம். நேற்றையில இருந்து அழுகையே இல்லை. பாலுக்கும் நான்தான் எழுப்பவேண்டிக் கிடக்கு."

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்தது. ஹீற்றருக்கு மேலே சுவரில் கரிய நாக்குப் போல ஒரு கறை. இத்தகைய இடத்தில் புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்தி, புகை உள்ளே இழுபடுகிறதா என்று பார்ப்பது எங்கள் சோதனை. நான் எதையும் கொளுத்தவேண்டியிருக்கவில்லை. ஹீற்றர் ஓரத்தில் ஒரு சின்னச் சாமிப்படத்துக்கு அக்கா ஊதுபத்தி ஏற்றியிருந்தார். அதன் புகை புகைபோக்கிக்குள் போகாமல், ஹீற்றரின் வாயிலிருந்து வந்த ஏதோ ஒன்றால் தள்ளப்பட்டு, கட்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்றுத் துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் நீலக் கரை தெரிந்தது.

காஸை மூடினேன். நாடாவைக் கிழித்து ஜன்னலைத் திறந்தேன். அக்கா பாய்ந்து வந்து அதை அடித்துச் சாத்தினார்.

"உனக்கென்ன விசரே? அம்மாவைக் கொண்டுபோனதே காத்துத்தான். நீ சின்னப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும்?"

"அக்கா, இந்த அறைக்குள்ள நச்சு வாயு. மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலையிடி, சத்தி எல்லாம் அதாலதான். பிள்ளை அழாததும் அதாலதான். இப்ப வெளியில கொண்டுபோகாட்டில் ரெண்டு பேரும் செத்துப்போவினம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிச் சால்வையில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே நடந்தார். நான் தங்கைச்சியைத் தாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அவளுடைய கால்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் ஆம்புலன்சுக்கு அழைக்க ஓடினார். ஆலங்கட்டி கலந்த மழை தெருவில் சாய்ந்து விழுந்தது. பிள்ளை துணிபோலக் கிடந்தது.

அப்போது அக்கா ஒன்று செய்தார். காற்று வந்த பக்கம் திரும்பி நின்று, பிள்ளையின் முகத்திலிருந்து சால்வையை விலக்கினார். மழையும் காற்றும் அந்தச் சின்ன முகத்தில் நேராக அடித்தன. "அழு" என்றார். "அழடி, என்ரை குஞ்சு. கத்து."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு கத்தியது. தெருவே கேட்கும்படி, மிகுந்த கோபத்தோடு.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள், இருவரும் தேறினார்கள். புகைபோக்கிக்குள் பழைய பறவைக்கூடு ஒன்றும், பொயிலருக்குள் தண்ணீரைச் சூடேறவிடாமல் தடுத்த கரியும் இருந்தன. எல்லாம் சுத்தமாக்கப்பட்டு, நீலச் சுவாலை திரும்பியபின், தங்கைச்சி அதே அறைக்கு வந்தாள். சேலைத் துண்டை நான் உருவி என் பெட்டிக்குள் போட்டிருந்தேன். அதைத் திரும்ப அடைக்கக்கூடாது என்று அக்காவுக்கு விளக்க ஒரு சொற்பொழிவு தயாரித்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. துவாரம் திறந்திருந்தது. அதற்கும் கட்டிலுக்கும் இடையில் குசினி நாற்காலியைப் போட்டு, கோட், கம்பளிக் காலுறை, தலையில் மஃப்ளர் சகிதம், முதுகைக் காற்றுக்குக் கொடுத்து அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாக்கிறாய்? காத்து வரவேணுமெண்டால் வரட்டும். என்னைத் தாண்டிப் போகட்டும்."

துடக்குக் கழியும்வரை அங்கேயே இருந்தார். இருமல் அவரோடு கோடைவரை இருந்தது. அந்தச் சனிக்கிழமையைப்பற்றி என்னோடு அவர் பிறகு பேசவேயில்லை.

அக்கா இறந்துபோய்ச் சில ஆண்டுகளாகின்றன. அன்று தெருவில் கத்தியவள் இப்போது குட்மேய்ஸில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்கும் பிள்ளை பிறந்தது. "மாமா, ஹொட் வோட்டர் வரேல்லை" என்று அழைத்தாள். போனேன். இந்தக் காலப் பொயிலர் தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே குழாயால் எடுத்துக்கொள்கிறது. நச்சு வாயு கசிந்தால் கூவ ஒரு கருவியும் கூரையில் இருக்கிறது. தண்ணீர் அமுக்கம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். திருத்திவிட்டு, விடைபெற முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் இடையில் நாற்காலியைப் போட்டு, முதுகை ஜன்னலுக்குக் காட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே வசதியான சோபா காலியாகக் கிடந்தது.

"ஏன் பிள்ளை அங்க இருக்கிறாய்?"

"சும்மாதான் மாமா. ட்ராஃப்ட் வருது, குளிர்க்காத்து."

அக்கா இருந்த நாற்காலியைப்பற்றி அவளுக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை. சேலைத் துண்டை அவளிடம் காட்டலாமா என்று பெட்டியைத் திறந்தேன். பிறகு திருகாணிகளுக்கு நடுவில் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக வைத்து மூடினேன்.