டில்லி சீட்டும் சரஸ்வதியின் ஆபரேஷனும்

குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ் வேலை என்பது அடுத்தவர் வீட்டு விஷயத்தை அவர்கள் வாசலிலேயே நின்று பேசுவது. வீடு வீடாகப் போய்ப் பேசிப் பிழைத்தவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மோர் கொடுத்து மறுத்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் பெருமாநல்லூர் பக்கம் வேலை. அங்கே சரஸ்வதிக்கு நாலு குழந்தைகள். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், பிழைத்ததே பெரிது. இன்னொன்று உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும். புருஷன் பொன்னுசாமி, திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அரசியல் மீட்டிங் ஒன்றுகூட விடமாட்டார். முரடர் இல்லை, நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, அப்புறம்தான் மறுத்தார்.

"ஜனத்தொகை வடக்க அளவுக்கு ஏறலைன்னு பார்லிமெண்டுல நம்ம ஸ்டேட்டுக்கு ரெண்டு சீட்டக் கொறச்சுட்டாங்க. நீங்க சொல்றபடி நடந்தா இன்னுங் கொறையுமுங்க. கவருமெண்டு சொன்ன பேச்சக் கேட்டவனுக்கு இதானுங்களா கூலி?"

சாப்பாட்டு நேரத்தில்

கம்பெனிக்கே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு மத்தியானம் போனேன். எல்லோரும் தூக்குப்போசியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் பேச்சு ஒரு நிமிஷத்தில் டில்லி சீட்டுக்குப் போய்விட்டது. "எல்லா ஸ்டேட்டுக்கும் சமமாக் குடுத்துட்டா வம்பில்லீங்க" என்றார் டைலர் ராஜு. "நாகாலாந்துக்கும் நமக்கும் ஒரே அளவா?" என்று பொன்னுசாமி பாய்ந்தார். பனியன் மடிக்கும் மாரக்கா சோற்றுக் கையோடு கேட்டார்: "வடக்க இருக்கறவனும் மனுசந்தானுங்களே? ஆளு அதிகம்னா அவன் ஓட்டு மட்டும் எளப்பமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது பொன்னுசாமிக்கு. எனக்கும்தான். அதற்குள் முதலாளி உள்ளே வந்தார்.

"டில்லிய அப்பறம் பங்கு போடலாங்க, மொதல்ல துணிய வெட்டுங்க சாமி."

சரஸ்வதியின் கணக்கு

அடுத்த வாரம் மறுபடியும் அவர்கள் வீடு. பொன்னுசாமி அதே பேச்சை ஆரம்பித்தார், ஆனால் சுருதி குறைந்திருந்தது. தலைசுற்றலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற சரஸ்வதி, என் எதிரில் அதுவரை வாயே திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நான் போயிட்டா இந்த ஊட்டுல ஒரு தலை கொறையுமே, அத எந்தக் கணக்குலீங்க எழுதுவீங்க?"

ரேடியோ செய்தி

பொன்னுசாமி மறுநாளே கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண் கலங்க வராந்தாவில் நடந்தபடியே இருந்தார். சரஸ்வதி தேறினாள்.

சில வருஷம் கழித்து ரேடியோவில் சொன்னார்கள்: மாநிலங்களின் பார்லிமெண்ட் சீட்டுகள் இப்போதைக்கு மாறாது, பிறப்பைக் குறைத்தவர்களுக்கு நஷ்டம் வராது. அன்று சாயங்காலமே பொன்னுசாமி சைக்கிளில் வந்தார். கேரியரில் சரஸ்வதி, முகத்தில் நல்ல தெளிச்சி. "நியாயம் கிடைச்சிருச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நாயம் இல்லீங்க, வாய்தா கெடச்சிருக்குது."

இந்த வேலைக்கு என்னை எடுத்தபோது ஊசி போடத் தெரியுமா என்று கேட்டார்களே தவிர, அரசியல் சட்டம் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.