ரோட்டைப் பார்த்து நிற்கும் கார்

விஷாகா தன் பழைய டொயோட்டாவை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார். டிக்கியில் ஐஸ்கிரீம் உருகினாலும் சரி, காரின் மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றால்தான் அவருக்கு நிம்மதி. "கிளம்பணும்னா கிளம்பிடணும்ங்க. அப்போ போய் திருப்பிட்டு இருக்க முடியுமா?" என்பார்.

கடலை ஒட்டிய பசிஃபிகா என்ற ஊரில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. அதற்கு முன் ஜப்பானின் வடகிழக்குக் கரையில், ஒரு மீன்பிடி ஊரில் பல வருடம் குடித்தனம். அந்த மண் ஆடி ஆடியே அவரைப் பழக்கிவிட்டது. கட்டிலுக்கு மேலே சாமி படம்கூட மாட்ட மாட்டார். கட்டிலடியில் ஷூ தயாராக இருக்கும், கண்ணாடி நொறுங்கிக் கிடந்தால் வெறுங்காலோடு ஓட முடியாதாம். தரை லேசாக நடுங்கினாலே வாசல் கதவைத் திறந்து வைப்பார். நிலை கோணிக்கொண்டால் அப்புறம் திறக்காது. முன்ஜாக்கிரதை முத்தம்மா என்று நான் கேலி செய்வதுண்டு.

ஒன்றை மட்டும் கேலி செய்ய வாய் வரவில்லை. அந்தக் கரையோர மக்கள் 'தெண்டென்கோ' என்பார்கள். அவரவர் தனித்தனியாக என்று அர்த்தம். கடல் பொங்கினால் யாரும் யாரையும் தேடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும். தேடப் போய்க் குடும்பத்தோடு மாண்டவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆறாவது படிக்கும் மகள் ஓவியாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டே, "நான் உன்னைத் தேடி வர மாட்டேன். நீயும் என்னைத் தேடாத. ரெண்டு பேரும் மேல மீட் பண்ணுவோம்" என்று சொல்வார். பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்குத் திக்கென்றது.

போன மாதம் எல்லோர் ஃபோனும் ஒன்றாக அலறின. சுனாமி எச்சரிக்கை. ஓவியாவின் பள்ளி கடற்கரைச் சாலையில். பிள்ளைகளைக் கூட்டிவரத் தெருவே காரில் பாய்ந்து, முதல் சிக்னலிலேயே சிக்கிக்கொண்டது. விஷாகா என் கதவைத் தட்டினார். "ஷூ போட்டுட்டு வாங்க, மேல போலாம்."

அவர் கார் ரோட்டைப் பார்த்தபடி நின்றது. அதைத் தாண்டி நடந்தார். மேட்டுப் பாதையில் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு நெஞ்சுரம் உண்டா என்று மலைத்துப்போய்ப் பின்னாலேயே ஏறினேன்.

உச்சிக்கு டீச்சர்களோடு பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கையும் விலகியது. அலை வரவில்லை. ஓவியா அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"யூ டிடன்ட் கம், அம்மா." அந்தக் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை.

"நீயும் வரல," என்றார் விஷாகா.

அதற்கப்புறம்தான், அதுவரை இறுக்கி மூடியிருந்த வலது கையை மெல்லத் திறந்தார். உள்ளே கார் சாவி. அதன் பல் பதிந்து உள்ளங்கையில் ரத்தம் கட்டியிருந்தது.