என் வலது கையைப் பற்றி ஒருவர் கேட்டார்

ஆண்டவருக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறேன். கேட்கச் சங்கடமான கதை, சொல்லவும் அப்படித்தான்.

என் வலது கையில் மூன்று விரல்கள் முழுதாக மடங்காது. பிற்பாடு விசாரித்தவர்களிடம் அடுப்பில் தவறிச் சுட்டதென்று சொல்லிவந்தேன். தவறிச் சுடவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நாகல் நகரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. மகள் செல்வத்துக்கு ஐந்து மாதம். ஒருநாள் காய் நறுக்கும்போது, பக்கத்தில் கிடந்த குழந்தையை இந்தக் கை வெட்டிவிடும் என்று ஓர் எண்ணம் வந்தது. அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் என் உயிர். ஆனாலும் எண்ணம் போகவில்லை. பால் கொடுக்கும்போது வந்தது. ஜெபமாலை சொல்லும்போதும் வந்தது. பிள்ளையைத் தூக்கவே பயந்தேன்.

அரிவாள்மனையைப் பெட்டியில் போட்டுப் பூட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் தன் கையால் செய்த பூட்டையே போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அரிவாள்மனைக்குக் காவல் போட்ட முதல் பெண்பிள்ளை நீதான் என்று கேலி வேறு. என் தலைக்குள் இருந்ததை எந்தப் பூட்டு தடுக்கும்?

தவக்காலம் பிறந்தது. பாவத்தில் விழவைக்கும் கையை இழப்பதே மேல் என்று பிரசங்கத்தில் கேட்டேன். எனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். கை போனால் பிள்ளை பிழைப்பாள் என்று நினைத்து, அந்த வாரமே என் கைக்கு நானே தீங்கு செய்தேன். வலி ஆறுமுன்பே எண்ணம் திரும்பிவிட்டது. மறுபடியும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் துணி சுற்றிய கையோடு முழந்தாளிட்டேன். எங்கள் தெருவில் தவக்காலத்தில் ரகசியமாகத் தபசு செய்கிறவர்கள் உண்டு. துருவிக் கேட்டால் அவர்கள் புண்ணியம் கெட்டுவிடும் என்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். என் மாமியாருக்குப் பெருமை தாளவில்லை.

"எம் மருமக தபசு பண்றா. யாரும் எதுவும் கேட்டுராதீங்கத்தா" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

புண் சீழ் பிடித்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முன்னால் விழுந்து அழுதேன். இந்தக் கையை எடுத்துவிடும் என்றுதான் அதுவரை கேட்டிருந்தேன். அன்று வேறு வார்த்தை வந்தது: "ஆண்டவரே, யாராவது என்னைக் கேக்கட்டும்."

ஈஸ்டருக்கு மறுநாள் கடும் காய்ச்சல். வீட்டுக்காரர் கன்னியர் மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார். கட்டைப் பிரித்த சிஸ்டர் புதிதாக வந்தவர். என் தபசுப் புகழ் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என் கையை விடாமல் கேட்டார்.

"ஏம்மா, எதுக்கு இப்படிப் பண்ணுன?"

அம்புட்டையும் கொட்டினேன். போலீசைக் கூப்பிடுவார் என்று பயந்தேன். அவர் முகம் மாறவில்லை.

"புள்ளையக் கொல்ல நெனைக்கிறவ தன் கையவா சுடுவா? இது பாவமில்லம்மா, நோய். வைத்தியம் இருக்கு. நானும் கூட வாரேன்."

மதுரையில் மனநோய் வார்டில் நான்கு மாதம் இருந்தேன். சுகமான இடம் என்று சொல்லமாட்டேன். கையில் கட்டோடு அங்கே இன்னொருத்தி இருந்தாள். சாமியை மனசுக்குள் திட்டிவிட்டோம் என்ற எண்ணம் அவளை ஓயாமல் பிடுங்கியது. அவளைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் கிளம்பும் முன்பே அவள் இறந்துபோனாள்.

என் எண்ணம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன். எப்போதாவது வரும். வந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். அவர் இப்போது கேலி செய்வதில்லை. பெட்டியின் பூட்டையும் கழற்றிவிட்டார்.

செல்வத்துக்கு இப்போது பத்து வயது, பள்ளிக்கூடம் போகிறாள். மடங்காத இந்த விரல்களால் தினமும் நான்தான் அவளுக்குச் சடை பின்னுகிறேன். கோணலாகத்தான் வருகிறது. அவள் அப்படியே போகிறாள்.

ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், அன்பானவர்களே. அவர் எனக்கு ஒரு மனுஷியை அனுப்பினார். அடுத்த தவக்காலத்தில் கையில் கட்டோடு ஒருத்தி உங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டால், புண்ணியம் கெட்டாலும் கெடட்டும், என்னவென்று அவளைக் கேளுங்கள்.