துணிக்கு முன்பக்கம்

ஒலக்கூர் சாலையில் எங்கள் கரி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் பஸ்ஸின் பின்னால் உள்ள கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்து மைதானத்தில் இன்று பொழுது சாய்ந்ததும் முதியோர் கல்விப் படம். ஊரெல்லாம் எழுதப் படிக்கக் கற்கட்டும் என்று சர்க்கார் அனுப்பியது. படம் காட்டும் வண்டிக்காரர்கள் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கும் பெண் ஜன்னலோரம் வந்து கேட்கிறாள்.

"ஏங்க, பட்டணத்துல எல்லாரும் எடது கையாலதான் எழுதுவாங்களா?"

"இல்லையே. யார் சொன்னது?"

"போன வாட்டி படத்துல பாத்தனுங்க. எம் பொண்ணையும் அப்பிடித்தான் பழக்கிக்கினு இருக்கேன்."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"நீ எங்கம்மா உக்காந்து பாத்தே?"

"துணிக்குப் பின்னாடிதாங்க. சேரி சனம் முன்பக்கம் வரக் கூடாதே."

பின்னாலிருந்து பார்த்தால் வலது கை இடது கையாகத் தெரியும் என்கிறேன். அவள் கூடையை இறக்கி வைக்கிறாள். மைதானத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுற்றிப் போய்த் துணிக்கு முன்னால் நிற்கிறாள்.

பஸ் உறுமிக் கிளம்புகிறது. திரும்பிப் பார்க்கிறேன். ஒன்றும் ஓடாத அந்த வெள்ளைத் துணியை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.