மஞ்சள் பூசிய வெள்ளைக் கோழி

1989ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, திங்கட்கிழமை. பள்ளியிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்து, பால்தேத்தண்ணி குடித்து, வீட்டுப்பாடத்தை முடித்தேன். முந்தைய இரவு ஆங்கிலேயர் தங்கள் வாணவேடிக்கை நாளுக்குக் கொளுத்திய வாணங்களின் குச்சிகள் லண்டன் டூட்டிங்கில் எங்கள் தெருவெங்கும் கிடந்தன. எனக்கு ஒன்பது வயது. அப்பா வேலை செய்த சீன உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வழக்கமாக அன்று அவர் நித்திரை கொள்வார். அன்றைக்கு மட்டும் சமையலறையில் நின்றார்.

இரண்டு வருடமாக அவர் அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கழுவியபடியே சமையலைப் பார்த்துப் பழகிவிட்டதாகத் தலைமைச் சமையற்காரரிடம் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் எங்கள் சீன முறையில் ஒரு முழுக்கோழியை அவித்து வை, வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாராம் அந்த ஹொங்கொங்காரர். கோழி சரிவந்தால் அப்பா தண்ணீர்த் தொட்டியை விட்டு அடுப்படிக்குப் போகலாம். பிழையாய்ப்போனால் தொட்டியேதான்.

அந்தச் சமையலில் மிளகாய்த்தூள் இல்லை, கறிச்சரக்கு இல்லை. தலை வெட்டாத கோழியைக் கழுத்தில் பிடித்து, கொதிக்கிற தண்ணீரில் மூன்றுமுறை தோய்த்தெடுத்து, பிறகு உள்ளே விட்டு, அடுப்பை நிறுத்தி மூடிவிட வேண்டும். தண்ணீரின் சூட்டிலேயே அது வேகும். அதன்பின் ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் இறுகும். இதற்குப் பெயரே வெள்ளைக் கோழி என்று அப்பா எங்களுக்கு விளக்கினார்.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டுக் கோழி அவிக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் அம்மா.

"நீர் சும்மா இரும். இது சீனச் சமையல்."

"ஏன், சீனக் கோழிக்கு வெடுக்கு மணம் இல்லையோ?"

அப்பா குளிக்கப் போனார். அம்மாவால் அந்தப் பச்சைக் கோழியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவாமல் எந்த இறைச்சியும் எங்கள் வீட்டுச் சட்டிக்குள் போனதில்லை. உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்துக் கழுவினார். அப்பா ஈரத்தலையோடு வந்து பார்த்தபோது கோழி பழுத்த மாம்பழம்போல இருந்தது.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"கழுவினனான்."

"ஐயோ, மனுசன் ஆறு மணிக்கு வாறாரப்பா!"

வேறு கோழி தேட நேரமில்லை. அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா சாமிப்படத்தின் முன் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார்.

சமையற்காரர் ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார். மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். அப்பா கோழியை எலும்போடு வெட்டித் தட்டில் அடுக்கினார். இஞ்சியும் வெங்காயத்தாளும் அரிந்து, சூடான எண்ணெய் ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். வந்தவர் முதலில் தொடை எலும்பைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் இலேசாகச் சிவந்திருந்தது. அதுதான் சரியான பதம் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு தோலை விரலால் தொட்டார்.

ஹொங்கொங்கில் நல்ல கோழிக்குத் தோல் இப்படித்தான் மஞ்சளாக இருக்கும், லண்டன் கோழிகள் எல்லாம் வெளிறிக் கிடக்கின்றன, இதை எங்கே வாங்கினீர்கள் என்று அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"டூட்டிங்," என்றார் அம்மா.

அவர் அம்மாவின் மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இரண்டாம் துண்டை எடுத்தார். போகும்போது, நாளைக்குத் தன் பக்கத்தில் வந்து நிற்கும்படி அப்பாவிடம் சொன்னார்.

நிறத்துக்காகக் கோழிக்கு மஞ்சள் பூசுகிற வழக்கம் சீனச் சமையற்காரர்களிடமும் உண்டென்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அன்று, மாமா நன்றாக ஏமாந்துவிட்டார் என்றே நினைத்தேன். கதவு சாத்தியதும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் அம்மாவும் ஏன் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்பது விளங்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாராவது நகம் வெட்டினால், கூடாத நாள் என்று அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவார். காலையில் எழுந்ததும் அப்பா முதல் வேலையாக, அடுப்படியில் நிற்கப்போகிற கைக்கு நகம் ஆகாதென்று யன்னலருகே உட்கார்ந்து, பத்து விரல் நகங்களையும் ஒட்ட வெட்டினார். அம்மாவே, துண்டுகள் நிலத்தில் சிந்தாதபடி ஒரு பழைய பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.